ஆங்கிலம் பழகுவோம்: ‘இஃப்’ வந்தால் வினைச்சொல் எப்படி மாறும்?



சென்ற பாடத்தில் ‘வாஸ்’, ‘வேர்’ பற்றிப் பார்த்தோம். இந்த முறை ‘இஃப்’ என்ற சின்னச் சொல்லைப் பார்ப்போம். ‘இஃப்’ என்றால் தமிழில் ‘ஆல்’. வந்தால், கட்டினால், கொடுத்தால் என்கிறோமே, அந்த ‘ஆல்’. சொல் சின்னதுதான். ஆனால் அதோடு வரும் வினைச்சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் பண நஷ்டமே வரும். அப்படி வந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகிறோம்.

எப்போதும் போல ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். முதலில் வாய்விட்டுப் படியுங்கள். வாய் பழகிய பிறகு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கேட்டு ஆங்கில எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

காதுவில்லை கடிதம்

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரி வங்கிக் கடனில் கறவை மாடு வாங்கியிருந்தார். மாட்டுக்கு இன்சூரன்ஸ் செய்து, காதில் காதுவில்லையும் போட்டிருந்தார்கள். மேயப் போன இடத்தில் முள்வேலியில் மாட்டி காதுவில்லை அறுந்து விழுந்துவிட்டது. ‘அப்புறம் சொல்லிக்கலாம்’ என்று அவர் இருந்துவிட்டார். அடுத்த மாதமே மாடு நோய் கண்டு செத்துப்போச்சு. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று கொடுத்தார். இன்சூரன்ஸ் பணம் கேட்டு விண்ணப்பம் போட்டோம். சில வாரம் கழித்து கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதில் முக்கியமான வரிகள் இரண்டு.

ஒன்று: “இஃப் த இயர் டேக் ஹேட் பீன் சப்மிட்டட், வி வுட் ஹேவ் செட்டில்ட் த க்ளெய்ம்.”

இரண்டு: “இஃப் யூ ஹேவ் எனி அதர் எவிடென்ஸ், யூ மே ரைட் டு அஸ் விதின் ஃபிஃப்டீன் டேஸ்.”

‘இயர் டேக்’ என்றால் காதுவில்லை. ‘சப்மிட்’ என்றால் ஒப்படைப்பது. ‘செட்டில்’ என்றால் பணத்தைக் கொடுத்து முடிப்பது. ‘எவிடென்ஸ்’ என்றால் ஆதாரம்.

வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் முதல் வரியைப் படித்து, ‘காதுவில்லையைக் கொடுத்தால் பணம் தருவாங்களாம்’ என்றான். அலுவலகத்தில் இருந்த நாங்களும் ‘ஆமாம், அப்படித்தான் இருக்கு’ என்றோம். குடும்பமே மேய்ச்சல் காட்டில் வேலி வேலியாகக் காதுவில்லையைத் தேடியது. தேடித் தேடியே பதினைந்து நாளும் ஓடிப்போச்சு.

பிறகுதான் விவரம் தெரிந்த ஒருவர் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். முதல் வரியின் அர்த்தம், ‘காதுவில்லையை ஒப்படைத்திருந்தால் பணம் கொடுத்திருப்போம்’ என்பது. அந்த விஷயம் முடிந்துபோச்சு. இரண்டாவது வரியில்தான் வழி இருந்தது. ‘வேறு ஆதாரம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எங்களுக்கு எழுதலாம்.’ கடன் வாங்கும்போது காதுவில்லையோடு எடுத்த போட்டோ வங்கியில் இருந்தது. மருத்துவர் சான்றும் இருந்தது. பதினைந்து நாளுக்குள் அதையெல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கலாம். நாங்கள் தாமதமாகத்தான் எழுதினோம். பணம் வரவில்லை. கடன் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

இந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் தமிழில் ஒரு கேள்வி

இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்க.

‘காதுவில்லையை ஒப்படைத்தால், பணம் கொடுப்போம்.’
‘காதுவில்லையை ஒப்படைத்திருந்தால், பணம் கொடுத்திருப்போம்.’

தமிழில் கேட்டால் நமக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். முதலாவது இனிமேல் நடக்கலாம். இரண்டாவது நடக்கவே இல்லை, முடிந்த கதை. ‘ஒப்படைத்திருந்தால்’, ‘கொடுத்திருப்போம்’ என்று வினைச்சொல்லுக்குள்ளேயே ‘இருந்’, ‘இருப்’ வந்து அதைக் காட்டிக் கொடுக்கிறது.

ஆங்கிலத்தில் இதே வேலையை ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ என்ற சொற்கள் செய்கின்றன. அவற்றைக் கவனிக்காமல் ‘இஃப்’, ‘சப்மிட்’, ‘செட்டில்’ என்று பெரிய சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு படித்தால், எங்களைப் போல ஏமாந்து போவீர்கள்.

ஆகவே ‘இஃப்’ வாக்கியம் எதுவானாலும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘இது இனிமேல் நடக்க வாய்ப்பு உண்டா?’ பதில் தெரிந்தால் வினைச்சொல் தானே வந்துவிடும். நான்கு வகை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வகை 1: எப்போதும் நடப்பது

“இஃப் அ மெம்பர் கம்ஸ் லேட், ஷி பேஸ் டென் ருபீஸ்.”
உறுப்பினர் தாமதமாக வந்தால், பத்து ரூபாய் கட்டுகிறார்.

இது குழு விதி. இன்றைக்கு, நாளைக்கு என்று இல்லை, எப்போதும் அப்படித்தான். இதற்கு இரண்டு பக்கமும் நிகழ்கால வினை போட்டால் போதும். ‘ஷி’, ‘ஹி’, ‘இட்’ வந்தால் வினையோடு ‘ஸ்’ சேர்ப்பதை மறக்காதீர்கள்: கம் – கம்ஸ், பே – பேஸ்.

வகை 2: இனிமேல் நடக்கக்கூடியது

“இஃப் ஷி கம்ஸ் டுமாரோ, வி வில் கிவ் த லோன்.”
அவர் நாளை வந்தால், நாம் கடன் கொடுப்போம்.

இங்கே ‘இஃப்’ பக்கம் நிகழ்காலம், மறுபக்கம் ‘வில்’.

நம்மில் பலரும் செய்யும் தவறு: “இஃப் ஷி வில் கம் டுமாரோ.” நாளைக்கு நடப்பதுதானே, ‘வில்’ வேண்டாமா என்று தோன்றும். தமிழில் எப்படிச் சொல்கிறோம்? ‘நாளைக்கு வந்தால்’ என்கிறோம். ‘நாளைக்கு வருவால்’ என்று யாராவது சொல்வார்களா? தமிழில் ‘ஆல்’ எதிர்கால வினையோடு சேராது. ஆங்கிலத்திலும் இந்த மாதிரி வாக்கியத்தில் ‘இஃப்’ பக்கம் ‘வில்’ சேராது. இதை இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்: ‘வருவால்’ தப்பு என்றால் ‘இஃப் ஷி வில் கம்’ தப்பு.

வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாலும் விதி அதேதான்: “வி வில் கிவ் த லோன் இஃப் ஷி கம்ஸ் டுமாரோ.” ‘வில்’ எப்போதும் பலன் இருக்கும் பக்கம்தான்.

‘வில்’ இருக்கும் இடத்தில் ‘கேன்’, ‘மே’, ‘மஸ்ட்’ கூட வரலாம். கடிதத்தின் இரண்டாவது வரியில் ‘யூ மே ரைட்’ என்று இருந்ததே, அது இந்த வகைதான். ‘எழுதலாம்’ என்று நமக்கு ஒரு வழி காட்டுகிற வரி.

வங்கியில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு வரி: “இஃப் தேர் இஸ் நோ பேலன்ஸ், த பாலிசி வில் லேப்ஸ்.” கணக்கில் பணம் இல்லாவிட்டால் பாலிசி காலாவதியாகும். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கு வருடத்துக்கு 436 ரூபாயும், சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாயும் நம் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். 2022 ஜூன் மாதம் முதல் இந்தத் தொகைதான். காப்பீடு ஜூன் 1 முதல் மே 31 வரை. அதனால் மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜீவன் ஜோதியில் உறுப்பினர் இறந்தாலும், சுரக்ஷாவில் விபத்தில் இறந்தாலும், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். ‘வில் லேப்ஸ்’ என்று வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, உடனே பணம் போடணும் என்று அர்த்தம்.

வகை 3: இப்போது இல்லாதது, நினைப்பு மட்டும்

“இஃப் ஐ வேர் த மேனேஜர், ஐ வுட் சைன் டுடே.”
நான் மேனேஜராக இருந்தால், இன்றைக்கே கையெழுத்துப் போடுவேன்.

நாம் மேனேஜர் இல்லை. சும்மா நினைத்துப் பார்க்கிறோம். இதற்கு ‘இஃப்’ பக்கம் இறந்தகால வினை, மறுபக்கம் ‘வுட்’. பேசுவது இன்றைய விஷயம்தான், ஆனாலும் வினை இறந்தகாலத்தில் வரும். ‘ஐ’ வந்தாலும் ‘வாஸ்’ போடாமல் ‘வேர்’ போடுவது முறை. பேச்சில் சிலர் ‘வாஸ்’ என்பார்கள். பரீட்சையில் ‘வேர்’ என்றே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று: “இஃப் வி ஹேட் அ வேன், வி வுட் செல் அவர் வெஜிடபிள்ஸ் இன் டவுன்.” நம்மகிட்ட வேன் இருந்தா, காய்கறியை டவுனில் விற்போம். வேன் இல்லை என்பது அர்த்தம்.

நமக்குக் குழப்பம் வருவது இந்த வகையில்தான். ஏனென்றால் தமிழில் இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் ஒரே வடிவம்தான். ‘பணம் இருந்தால் தருவேன்’ என்று ஒருவர் சொன்னால், இருக்கிறதா என்று பார்த்துத் தருவாரா, இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாரா? அவர் முகத்தையும் குரலையும் வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் வினைச்சொல்லே சொல்லிவிடும்.

வங்கி அதிகாரி ஒருவர் இப்படிச் சொல்கிறார்: “ஐ வில் சாங்ஷன் இட் இஃப் யூ பிரிங் த ரெசல்யூஷன்.” தீர்மான நகலைக் கொண்டுவந்தால் கடன் கொடுக்கிறேன் என்கிறார். நம்பிக்கையோடு தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு போகலாம்.

இன்னொருவர் இப்படிச் சொல்கிறார்: “ஐ வுட் சாங்ஷன் இட் இஃப் ஐ ஹேட் த பவர்.” எனக்கு அதிகாரம் இருந்தால் கொடுப்பேன் என்கிறார். அவருக்கு அதிகாரம் இல்லை, அவர் கொடுக்கப்போவதில்லை. மரியாதையாக ‘முடியாது’ என்கிறார். இதை வாக்குறுதி என்று நினைத்து நாலு தடவை பஸ் செலவு செய்து அலையக்கூடாது. ‘அப்படியானால் யாருக்கு அதிகாரம் இருக்கு சார்?’ என்று அங்கேயே கேட்டுவிடணும்.

‘வுட்’ மரியாதைக்கும் வரும். “இட் வுட் பி ஹெல்ப்ஃபுல் இஃப் யூ கேவ் அஸ் த ஸ்டேட்மென்ட்.” கணக்கு விவரம் கொடுத்தால் உதவியாக இருக்கும். அலுவலகத்தில் கேட்க நல்ல வாக்கியம். மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வகை 4: நடக்காமல் முடிந்துபோனது

“இஃப் வி ஹேட் சென்ட் த ஃபோட்டோ, வி வுட் ஹேவ் காட் த மனி.”
நாம் போட்டோவை அனுப்பியிருந்தால், பணம் கிடைத்திருக்கும்.

அனுப்பவில்லை, கிடைக்கவில்லை. ‘இஃப்’ பக்கம் ‘ஹேட்’ சேர்த்து வினையின் மூன்றாவது வடிவம். மறுபக்கம் ‘வுட் ஹேவ்’ சேர்த்து மூன்றாவது வடிவம். தமிழோடு பொருத்தினால் சுலபம்:

‘இருந்தால்’ என்று முடியும் இடத்தில் ‘ஹேட்’: அனுப்பியிருந்தால் – ஹேட் சென்ட்.
‘இருக்கும்’, ‘இருப்போம்’ என்று முடியும் இடத்தில் ‘வுட் ஹேவ்’: கிடைத்திருக்கும் – வுட் ஹேவ் காட்.

இங்கே வரும் தவறு, ‘வுட் ஹேவ்’ சொல்லை இரண்டு பக்கமும் போடுவது: “இஃப் வி வுட் ஹேவ் சென்ட்.” இது வேண்டாம். ‘இஃப்’ பக்கம் ‘ஹேட்’ மட்டும்தான்.

மூன்றாம் வகையிலும் ‘ஹேட்’ வந்ததே என்று கேட்பீர்கள். வித்தியாசம் இதுதான். ‘ஹேட் அ வேன்’ என்று ‘ஹேட்’ சொல்லுக்குப் பின்னால் ஒரு பொருள் வந்தால், ‘இருந்தால்’ என்று அர்த்தம். ‘ஹேட் சென்ட்’ என்று பின்னால் ஒரு வினை வந்தால், முடிந்த கதை.

சில கடிதங்களில் ‘இஃப்’ என்ற சொல்லே இருக்காது. “ஹேட் த இயர் டேக் பீன் சப்மிட்டட்” என்று ‘ஹேட்’ சொல்லிலேயே வாக்கியம் தொடங்கும். கேள்விக்குறி இல்லாமல் இப்படி வந்தால் அதுவும் நான்காம் வகைதான்.

மூன்று வடிவங்கள் – சுவரில் ஒட்ட

கம் – கேம் – கம் : வருவது
கோ – வென்ட் – கான் : போவது
பே – பெய்ட் – பெய்ட் : பணம் கட்டுவது
கிவ் – கேவ் – கிவன் : கொடுப்பது
டேக் – டுக் – டேக்கன் : எடுப்பது
கெட் – காட் – காட் : கிடைப்பது
சென்ட் – சென்ட் – சென்ட் : அனுப்புவது
டெல் – டோல்ட் – டோல்ட் : சொல்வது
சைன் – சைன்ட் – சைன்ட் : கையெழுத்துப் போடுவது

அனுப்புவது என்ற சொல் தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் முதல் வடிவத்தின் கடைசி எழுத்து ‘டி’ ஓசையில் மெதுவாகவும், மற்ற இரண்டும் ‘ட்’ என்று அழுத்தமாகவும் முடியும். பிள்ளைகளிடம் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கடிதங்களில் வரும் இன்னும் இரண்டு சொற்கள்

‘அன்லெஸ்’ என்றால் ‘இல்லாவிட்டால்’. “த சப்சிடி வில் நாட் பி பெய்ட் அன்லெஸ் யூ சைன் த ஃபார்ம்.” படிவத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் மானியம் கிடைக்காது. ‘அன்லெஸ்’ சொல்லுக்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது. அதனால் ‘அன்லெஸ் யூ டு நாட் சைன்’ என்று இன்னொரு ‘இல்லை’ சேர்த்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

‘ஃபெயிலிங் விச்’ என்றால் ‘தவறினால்’. ‘ஏழு நாளுக்குள் கட்டவும், ஃபெயிலிங் விச் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற மாதிரி வரும். இதற்கு முன்னால் இருக்கும் நாள் கணக்கைத்தான் முதலில் பார்க்கணும்.

ஆங்கிலக் கடிதம் வந்தால் என்ன செய்வது?

ஒன்று, கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். உறையையும் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு, பென்சிலால் ‘இஃப்’, ‘வில்’, ‘மே’, ‘வுட்’, ‘ஹேட்’, ‘அன்லெஸ்’ எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ‘வில்’, ‘மே’ இருக்கும் வரியில்தான் நாம் செய்ய வேண்டிய வேலை இருக்கும். ‘வுட் ஹேவ்’ இருக்கும் வரி முடிந்த விஷயம். அதன் பின்னால் அலைய வேண்டாம்.

மூன்று, நாள் கெடு இருந்தால் குழுக் கூட்டம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஊக்குநரிடமோ கூட்டமைப்பிலோ காட்டுங்கள். ஒருவர் படித்ததோடு விடாமல் இன்னொருவரும் படித்து, இருவரும் ஒரே அர்த்தம் சொல்கிறார்களா என்று பாருங்கள். நாங்களும் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

நான்கு, தமிழில் கேட்கத் தயங்காதீர்கள். கணக்கு தொடங்கும் படிவம், பணம் கட்டும் சீட்டு, பாஸ்புக் போன்றவை ஆங்கிலம், இந்தி, மாநில மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கும் வழிமுறை.

ஐந்து, இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதற்கும் மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம். கட்டணம் கிடையாது. மாட்டுக் கடிதம் வந்தபோது இது எங்களுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சகோதரிக்குச் சொல்லியிருப்போம். பாருங்க, இதுவும் நான்காம் வகை வாக்கியம்தான்.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘இனிமேல் நடக்க வாய்ப்பு உண்டா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இஃப் இட் ______ டுமாரோ, வி வில் மீட் இன் த ஸ்கூல். வினை: ரெயின்
2. இஃப் ஐ ______ யூ, ஐ வுட் நாட் சைன் திஸ் பேப்பர். வினை: பி
3. இஃப் ஷி ஹேட் ______ அஸ், வி வுட் ஹேவ் கான் வித் ஹெர். வினை: டெல்
4. வி ______ த லோன் இஃப் யூ பிரிங் த பாஸ்புக் டுமாரோ. வினை: கிவ்
5. நம் குழுவிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. இஃப் வி ______ அ ஃப்ரிட்ஜ், வி வுட் செல் கர்ட். வினை: ஹேவ்
6. இஃப் யூ ஹேட் பெய்ட் ஆன் டைம், வி ______ த ஃபைன். அபராதம் வாங்கியாகிவிட்டது, வாங்கியிருக்க மாட்டோம் என்று சொல்ல வேண்டும். வினை: டேக்

விடைகள்: 1. ரெயின்ஸ். 2. வேர். 3. டோல்ட். 4. வில் கிவ். 5. ஹேட். 6. வுட் நாட் ஹேவ் டேக்கன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எழுதி முடித்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒருவர் தமிழில் ஒரு ‘ஆல்’ வாக்கியம் சொல்லட்டும், மற்றவர்கள் எந்த வகை என்று சொல்லட்டும். வகை தெரிந்துவிட்டால் ஆங்கிலம் பாதி வந்த மாதிரிதான். வீட்டில் ஆங்கிலத்தில் வந்த கடிதம் ஏதாவது படிக்காமல் கிடந்தால் அதையும் கையோடு எடுத்து வாங்க. சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.